டிராயிங் மாஸ்டர் பதில்கள்: தர்பூசணி தின்னும் கோமாளி

போன இதழில் ஒரு வாசகர், "உலகத்திலேயே உங்களுக்குப் பிடித்த மரபொம்மை எது?" என்று கேட்டிருந்தார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹோப்பி மக்கள் செதுக்கும் கோமாளி என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டு தர்பூசணி கடிக்கும் ஓர் உருவத்தையும் பக்கத்தில் வரைந்திருந்தேன். வழக்கமாக வரும் வாட்டர் கலர் சந்தேகங்களை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு இந்த முறை அத்தனை பேரும் அவரைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த இதழ் அவருக்கே.

அந்தப் பட்டை போட்ட ஆசாமி கடவுளா, பேயா, வெறும் வேடிக்கை பொம்மையா? தலையில் கொம்பு வேறு இருக்கிறதே!
*வாசகர், திருநெல்வேலி*

மூன்றும் இல்லை. அவர் மனிதர். இதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஹோப்பிகளின் ஊர்கள் அரிசோனாவின் வடகிழக்கில், மூன்று மேட்டு நிலங்களின் விளிம்பில் இருக்கின்றன. முதல் மேசா, இரண்டாம் மேசா, மூன்றாம் மேசா என்றே அவற்றுக்குப் பெயர். மூன்றாம் மேசாவில் உள்ள ஒராய்பி, அமெரிக்காவில் மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. அங்கே வருடத்துக்குப் பத்து அங்குலத்தை ஒட்டித்தான் மழை. அதை நம்பி, வாய்க்கால் கூட இல்லாமல், மணலில் ஆழக் குழி போட்டு மக்காச்சோளம் விதைக்கிறவர்கள் அவர்கள். அந்த மழையைக் கொண்டுவருவதில் கட்சினாக்களுக்குப் பங்கு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. மேகம், விலங்கு, செடி, முன்னோர் என்று பல வடிவம் எடுக்கும் ஆவிகள் இவை. குளிர்காலத்தில் ஊருக்கு வந்து ஜூலை வரை தங்குகின்றன. அப்புறம் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களுக்குத் திரும்பிவிடுகின்றன. விழா நாட்களில் முகமூடி அணிந்து ஆடும் ஆண்களின் வழியாகத்தான் அவை ஊருக்குள் வருகின்றன.

நான் வரைந்த ஆசாமி அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவருக்கு முகமூடி கிடையாது. உடம்பில் இருப்பது சட்டையும் அல்ல, பூச்சு. கண்ணையும் வாயையும் சுற்றிக் கறுப்பு வளையம். கொம்பு போலத் தெரிவது தொப்பியின் இரண்டு முனைகள். அவற்றின் நுனியில் சோளச் சருகைக் குஞ்சம் போலக் கட்டியிருப்பார்கள். பெயர் கோயாலா. வெளியார் கோஷாரே என்றும் சொல்வார்கள்.

இவர் ஹோப்பி ஊருக்குக் குடிவந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம். 1680இல் நியூ மெக்சிகோவின் பூர்வகுடிகள் பலர் சேர்ந்து ஸ்பானியரை விரட்டினார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஸ்பானியர் திரும்பி வந்தார்கள். அதற்குப் பின் நடந்த சண்டைகளில் இடம்பெயர்ந்த டேவா மொழிக்காரர்கள் சிலர் முதல் மேசாவுக்கு வந்து, மேலே ஏறும் பாதையைக் காவல் காக்கிறோம் என்று சொல்லிக் குடியேறினார்கள். அந்த ஊர் ஹானோ. முந்நூறு வருடம் கழிந்தும் அவர்கள் டேவா மொழியை விடவில்லை, தங்கள் பட்டைக் கோமாளியையும் விடவில்லை. (மண்பாண்டக் கலையில் உலகப் புகழ் பெற்ற நம்பேயோ அம்மையாரும் இந்தச் சின்ன ஊர்க்காரர்தான்.) மற்ற ஊர்களில் ஹோப்பிகளுக்கே உரிய கோமாளி ட்சுக்கு. இவர் பட்டை போடுவதில்லை, மஞ்சள் மண்ணைப் பூசிக்கொள்கிறார்.

விழாவில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? சும்மா நடுவில் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார்களா?
*வாசகி, கும்பகோணம்*

நடுவில் வருவது உண்மை. சும்மா அல்ல. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நாலு பக்கமும் வீடுகள் சூழ்ந்த ஊர் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்சினாக்கள் காலையிலிருந்து வரிசை கட்டி ஆடுகிறார்கள். தாளம் தப்புவதில்லை, யாரும் யாரையும் முந்துவதில்லை. கூட்டம் மாடிகளிலும் சுவரோரத்திலும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அப்போது எதிர்மாடியின் விளிம்பில் நாலைந்து தலைகள் முளைக்கும். ஒரு கூச்சல் போட்டுவிட்டு மறையும். திரும்ப முளைக்கும். நாலு முறை இப்படி. பிறகு கோமாளிகள் ஏணியிலோ கயிற்றிலோ தலைகீழாக, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்குவார்கள். படி இருக்கிறதே என்று கேட்கக் கூடாது. நேராக நடக்கத் தெரிந்தவன் கோமாளி இல்லை.

கீழே இறங்கியதும் அந்த ஒழுங்கான வரிசையை அவர்கள் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார்கள். பார்த்தவுடன் வாயில் வருவது, 'இது என்னுது!' ஓடிப்போய் ஆளுக்கொரு கட்சினாவைப் பிடித்துக்கொண்டு உரிமை கொண்டாடுவார்கள். பிறகு முற்றத்தின் நடுவில் சாம்பலால் கோடு கிழித்து அதையே தங்கள் வீடு என்பார்கள். சோறு வந்தால் அடித்துப் பிடித்துத் தின்பார்கள். கோமாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து குவிப்பதில் அவர்களுடைய அத்தைமார்தான் முன்னால் நிற்பார்கள். ஹோப்பிகளுக்குக் குலம் தாய்வழி வருவது. அப்பாவின் தங்கை என்றால் செல்லம் கொடுக்கவும் கேலி பேசவும் உரிமையுள்ள உறவு. தர்பூசணி வந்து சேரும் வழி இதுதான். எதையும் அளவாகச் சாப்பிடத் தெரியாததைக் காட்டத் தர்பூசணிக்கு மேல் என்ன வேண்டும்? முகம் முழுக்க வழியுமே.

அப்புறம் கேலி. காமிராவைத் தூக்கிக்கொண்டு வரும் சுற்றுலாக்காரன், மதபோதகர், குடிகாரன், ஊரில் பெருமை பேசித் திரியும் பேர்வழி என்று யாரும் தப்ப முடியாது. ஊர்க்காரர் ஒருவர் அந்த வருடம் ஏதாவது தகாத காரியம் செய்திருந்தால் பெயர் சொல்லாமலே அவரை நடித்துக் காட்டிவிடுவார்கள். எல்லாருக்கும் புரியும். முக்கியமாக அவருக்குப் புரியும்.

இந்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆந்தைக் கட்சினா முற்றத்துக்கு வரும். மோங்வு என்று அதற்குப் பெயர். கோமாளிகளைப் பார்த்து எச்சரித்துவிட்டுப் போகும். கோமாளிகள் திருந்தினதாகத் தலையாட்டுவார்கள், அது திரும்பினதும் பழையபடி. மறுபடியும் வரும், இந்த முறை கூடவே இன்னும் சில போர்வீரக் கட்சினாக்கள். மறுபடியும் போகும். சாயங்காலம் நெருங்கும்போது பெரும்படையாக வந்து இறங்கும். கோமாளிகளைத் துரத்திப் பிடித்து, யூக்காச் செடியின் இலைச் சாட்டையால் அடித்து, தலையில் தண்ணீரைக் கொட்டும். அடி நடிப்பு அடியாக இருக்காது.

அடி வாங்கினவர்கள் கடைசியில் ஒவ்வொருவராக எழுந்து பாட்டுப் பாடவேண்டும். தன் குற்றத்தைத் தானே பாட்டில் சொல்லவேண்டும். அதுவும் சிரிக்கும்படியாக! தன்னையும் தன் வீட்டாரையும் கிண்டல் செய்து பாடுவார்கள். ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். அதோடு அவர்கள் சுத்தமாகிவிட்டார்கள் என்று கணக்கு. அவர்கள் மட்டும் அல்ல, பார்த்துச் சிரித்தவர்களும். கொட்டிய தண்ணீரில் மழைக்கான வேண்டுதலும் உண்டு.

எமரி செக்காக்வாப்டேவா என்ற ஹோப்பி அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தவர், ஹோப்பி மொழிக்குப் பேரகராதி உருவாக உழைத்தவர், 2007இல் காலமானார். அவர் சொல்வதன் சாரம்: மனிதர்கள் கீழுலகத்திலிருந்து இந்த உலகத்துக்கு ஏறி வந்தபோதே கோமாளித்தனமும் கூட வந்துவிட்டது; நாம் எல்லாருமே கோமாளிகள்தான். கட்சினா எப்படி வாழவேண்டும் என்று காட்டுகிறது, கோமாளி நாம் எப்படி வாழ்கிறோம் என்று காட்டுகிறான். இரண்டும் ஒரே முற்றத்தில், ஒரே வெயிலில். ஒன்றை விட்டால் இன்னொன்றுக்குப் பொருள் இல்லை.

நான் மரபொம்மையை நேசிப்பவன், இருந்தாலும் சொல்கிறேன்: கடையில் நிற்கும் கோமாளி, தர்பூசணி தின்னும் கணத்திலேயே உறைந்துபோனவர். சாட்டையும் தண்ணீரும் பாட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை. அவற்றை நாம்தான் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இணையத்தில் தேடினேன். ஆபாசமான சேட்டைகள் எல்லாம் செய்வார்களாமே? புனிதமான விழாவில் இது தேவையா?
*வாசகர், ஈரோடு*

உங்களுக்கு முன்னாலேயே அமெரிக்க அரசாங்கம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டது. 1921 ஏப்ரலில் பூர்வகுடி விவகார ஆணையர் சார்லஸ் பர்க் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பூர்வகுடிகளின் நடனங்களில் 'கேடானவை' என்று தோன்றுவதை அதிகாரிகள் அடக்கவேண்டும் என்றது அது. 1923இல் வந்த அதன் இணைப்பு, நடனத்தை மாதத்துக்கு ஒருநாள், அதுவும் பகலில் மட்டும் என்று சுருக்கப் பார்த்தது. விதைக்கும் மாதங்களிலும் அறுவடை மாதங்களிலும் நடனமே கூடாது என்றது. ஹோப்பிக் கோமாளிகள் செய்ததாகச் சொல்லப்பட்ட சேட்டைகளைப் பற்றி வாக்குமூலங்களைத் திரட்டி ரகசியக் கோப்பாகக் கைக்குக் கை கொடுத்தார்கள். 1933இல் ஜான் காலியர் ஆணையரான பிறகு, 1934இல்தான் மத விஷயத்தில் தலையிடக் கூடாது என்று உத்தரவு மாறியது.

சேட்டை இருந்தது உண்மை. பச்சையான நகைச்சுவையும் உண்டு, தின்னக் கூடாததைத் தின்பதும் உண்டு. ஆனால் அந்த அதிகாரிகள் மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதப் போனவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூடாது என்பதற்காகத்தானே செய்து காட்டுகிறார்கள், செய்து காட்டியதற்காகத்தானே அடி வாங்குகிறார்கள்! மதுவிலக்குக் காலத்து வாஷிங்டன்காரர்கள் ஒழுக்கம் பற்றி ஹோப்பிகளுக்குப் பாடம் எடுத்ததைப் பற்றி ஒரு கோமாளி என்ன பாட்டுப் பாடியிருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உருளைக்கிழங்கை ஒட்டவைத்த மாதிரி தலை உள்ள ஒரு பொம்மை படமும் பார்த்தேன். அவரும் கோமாளியா?
*ஏழாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்*

ஆமாம் பாப்பா, கோயெம்சி. செம்மண் நிறத் துணி முகமூடி, அதில் உருண்டை உருண்டையாகப் புடைப்பு, வட்டக் கண், வட்ட வாய். பக்கத்து மாநிலத்தின் சூனி மக்களிடமிருந்து வந்தவர். இவர் முகமூடி போட்டவர், அதனால் கட்சினாவும்கூட. மேளம் தட்டுவார், பாடுவார், கூட்டத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு விளையாட்டுப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பார். வரைவதற்கு இவர்தான் சுலபம். ஒரு பெரிய வட்டம் போட்டு ஆரம்பி.

எங்கள் ஊரிலும் மரச் சிற்பம் செய்கிறோம். இவர்கள் என்ன மரம், என்ன சாயம் பயன்படுத்துகிறார்கள்?
*மரச் சிற்பி, கள்ளக்குறிச்சி*

இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தேன்.

அவர்கள் எடுப்பது மரத்தை அல்ல, வேரை. காட்டன்வுட் என்று அங்கே சொல்வார்கள், பாப்லர் இனம், ஆற்றோரத்தில் வளர்வது. அதன் காய்ந்த வேர் எடையே இல்லாதது போல இருக்கும், மெத்தென்று கத்திக்கு இடம் கொடுக்கும், இழை சீராக இருப்பதால் சுலபத்தில் பிளக்காது. உங்கள் ஊரில் வாகையையும் தேக்கையும் கொத்திப் பழகின கைக்கு முதலில் விளையாட்டாகத் தோன்றும். தண்ணீரைத் தேடிப் போகிற வேர், தண்ணீருக்கான வேண்டுதலில் பயன்படுவதும் பொருத்தம்தானே. வெள்ளத்தில் அடித்துவரும் வேரைப் பொறுக்கிவந்த காலம் போய், இப்போது நல்ல வேர் கிடைப்பதே கஷ்டம். பலரும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

ரம்பத்தால் அளவுக்கு அறுத்து, பேனாக்கத்தியாலும் அரத்தாலும் உருவம் எடுத்து, முன்காலத்தில் மணற்கல்லால் தேய்ப்பார்கள். அதன்மேல் வெண்களிமண் பூச்சு. அந்த வெள்ளைத் தரைமேல்தான் வண்ணம் ஏறும். செம்புத் தாதுவிலிருந்து பச்சையும் நீலமும், இரும்புத் தாதுவிலிருந்து சிவப்பும் மஞ்சளும், கரியிலிருந்து கறுப்பு. வண்ணத்துக்குத் திசையும் உண்டு: மஞ்சள் வடக்கு, நீலம் மேற்கு, சிவப்பு தெற்கு, வெள்ளை கிழக்கு. இப்போது பெரும்பாலும் அக்ரிலிக்.

பழைய உருவங்கள் கையை வயிற்றோடு ஒட்டி விறைப்பாக நிற்கும். சரியாகச் சொன்னால் நிற்காது. பீடம் கிடையாது, கழுத்தில் நூல் கட்டிச் சுவரில் தொங்கவிடுவார்கள். பீடமும், காலைத் தூக்கி ஆடும் நிலையும் வெளியார் வாங்க ஆரம்பித்த பிறகு வந்தவை. இந்த மாற்றத்தில் அதிகம் லாபம் அடைந்தவர் நம்ம கோமாளி. வழுக்கி விழுகிறவர், கம்பத்தில் ஏறுகிறவர், பக்கத்து ஆளின் பழத்தைப் பிடுங்குகிறவர் என்று செதுக்குகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருக்கிறது.

இன்னொரு தகவல், தொழில்காரர் என்பதால் சொல்கிறேன். கழுகு இறகும் பெரும்பாலான பறவைகளின் இறகும் விற்பனைப் பொருளில் இருக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம். அதை 1970களில் கடுமையாக்கியதும் ஹோப்பிச் சிற்பிகள் இறகையும் அதே வேரில் செதுக்கத் தொடங்கினார்கள். நரம்பு நரம்பாக, ஊதினால் அசையும் போல. ஃபீனிக்ஸில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹேர்ட் அருங்காட்சியகத்தில் இந்த உருவங்களைப் பார்த்தேன். செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் தன் சேகரிப்பில் இருந்த 437 பொம்மைகளை 1964இல் கொடுத்த இடம் அது. வேறு எதையும் பார்க்கவிடாமல் இழுத்து வைத்துக்கொண்டன. மகளுக்குத்தான் பார்க்கிங் கவலை.

அங்கே வேலை பார்க்கும் என் பையன் ஒரு கோமாளி பொம்மை வாங்கிவந்திருக்கிறான். கொலுவில் வைக்கலாமா? அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகி, ஸ்ரீரங்கம்*

தாராளமாக வையுங்கள். ஹோப்பிகள் இந்தப் பொம்மைகளுக்குப் பூஜை செய்வதில்லை. பிப்ரவரியில் அவரைப் பயறை முளைக்க வைக்கும் விழாவிலும், கட்சினாக்களை வழியனுப்பும் ஜூலை விழாவிலும், கட்சினாக்களே தங்கள் கையால் சிறுமிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. கைக்குழந்தைக்குத் தட்டையான சின்னப் பொம்மை, வளர வளர முழு உருவம். பையன்களுக்கு வில் அம்பு. கோமாளி கட்சினா இல்லாததால் உங்கள் வீட்டுக்கு வந்தவர் பெரும்பாலும் விற்பதற்காகவே செதுக்கப்பட்டவராக இருப்பார். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள், அரிசி பருப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

அசலா என்பதற்கு: அடியில் செதுக்கியவர் பெயரோ குலச் சின்னமோ இருக்கிறதா பாருங்கள். தோலும் முயல் ரோமமும் சுற்றி, எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் அது வேறு பட்டறைச் சரக்கு. பூர்வகுடி கைவேலை என்று பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சிறை வரை போகும் குற்றம். அதனால் கடைக்காரர்கள் எழுத்தில் என்ன எழுதித் தருகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும், வாயால் சொல்வதை அல்ல. பில்லை எடுத்துப் பாருங்கள்.

பொம்மையை விற்கிறார்கள், ஆனால் முகமூடி விற்றால் வழக்குப் போடுகிறார்களே, ஏன்?
*வாசகர், புதுச்சேரி*

பாரிஸ் ஏலத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2013 ஏப்ரல் 12 அன்று ட்ரூவோ ஏல மாளிகையில் சுமார் எழுபது சடங்கு முகமூடிகளை ஏலம் விட்டார்கள். ஹோப்பிகள் தடை கேட்டுப் போனார்கள், பிரெஞ்சு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே வருடம் டிசம்பரில் அடுத்த ஏலம். அன்றைக்கு அமெரிக்காவின் அனன்பர்க் அறக்கட்டளை ரகசியமாகத் தொலைபேசியில் ஏலம் கேட்டு, 5,30,000 டாலருக்கு 24 பொருட்களை வாங்கி, 21ஐ ஹோப்பிகளுக்கும் 3ஐ அபாச்சி என்ற இன்னொரு பூர்வகுடிக்கும் திருப்பிக் கொடுத்தது. இப்படிப்பட்டவை நாட்டைவிட்டுப் போவதையே தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 டிசம்பரில்தான் வந்தது.

காரணம் எளிது. பொம்மை செதுக்கியவனுடையது, அவன் விற்கலாம். முகமூடி ஊருக்குச் சொந்தம், அவர்களுக்கு அது உயிருள்ளது. தனி ஆள் யாருக்கும் அதை விற்கும் உரிமை இருந்ததே இல்லை.

கோமாளி வேஷம் போடுகிறவர் வீட்டிலும் அப்படித்தான் இருப்பாரா?
*வாசகர், காரைக்குடி*

இல்லை. சோளம் விதைக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், பேரனைப் பள்ளியில் விடுகிறவர். அது கடமை, குணம் அல்ல. ஆனால் ஒரு கிழவர் இருந்தார். மேலே சொன்ன செக்காக்வாப்டேவா எழுதிவைத்த சம்பவம் இது. ஆயுசு முழுக்கக் கோமாளியாக ஆடியவர், சாகும் முன்பு வீட்டாரிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: அடக்கம் செய்யக் கொண்டுபோகும் முன் என்னை முற்றத்து மாடிக்குத் தூக்கிப் போங்கள், கோமாளிக் கூச்சலை நாலு முறை போடுங்கள், நான் எப்போதும் இறங்கினபடியே என்னை இறக்குங்கள். அப்படியே செய்தார்களாம்.

நேரில் பார்க்க முடியுமா? எப்போது போகலாம்?
*வாசகர், சிங்கப்பூர்*

போகலாம், ஆனால் கோமாளிகளைப் பார்ப்பது நிச்சயம் இல்லை. 1992இல் ஓர் அமெரிக்க காமிக்ஸ், கட்சினாக்களை வில்லன் கூட்டமாகக் காட்டியது. ஏற்கெனவே கூட்டமும் இரைச்சலும் தாங்காமல் இருந்த ஊர்கள் அதோடு கட்சினா நடனங்களை வெளியாருக்கு மூடிவிட்டன. இன்று ஊருக்கு ஊர் முடிவு மாறும். இரண்டாம் மேசாவில், 264ஆம் நெடுஞ்சாலை ஓரமாக, ஹோப்பி பண்பாட்டு மையம் இருக்கிறது. தங்கும் அறையும் சாப்பாடும் உண்டு, அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் காமிரா, செல்போன் படம், ஒலிப்பதிவு எதுவும் கூடாது. ஸ்கெட்ச் நோட்டுக்கூடக் கூடாது என்பதால் என் பென்சில் காருக்குள்ளேயே இருந்தது.

கோடையில் போனால் கடிகாரத்தைக் கவனியுங்கள். அரிசோனாவும் ஹோப்பிகளும் கோடைக்கு நேரத்தை மாற்றுவதில்லை, ஹோப்பிகளைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கும் நவஹோ பூர்வகுடிகள் மாற்றுகிறார்கள். வழியில் ஒரு மணி நேரம் கூடும், அப்புறம் குறையும். காலைச் சாப்பாட்டை எந்த நேரப்படி சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போங்கள்.